"ரிக்டர் 8 தாங்குமா?" என்று கேட்பதற்கு முன்: கான்கிரீட் சட்டகங்களின் நிலநடுக்க வடிவமைப்பு முறைகள்

"இந்தக் கட்டடம் ரிக்டர் 8 வரை தாங்கும்." அடுக்குமாடி விளம்பரங்களிலும், ஒவ்வொரு நிலநடுக்கத்துக்குப் பிறகு நடக்கும் பேச்சுகளிலும் இந்த வாக்கியம் தவறாமல் வந்துவிடுகிறது. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் என்றால், "டைனமிக் அனாலிசிஸ் செய்திருக்கிறோம், கவலை வேண்டாம்" என்பார்கள். கட்டடம் எப்படி ஆடும் என்று போட்டுப் பார்க்கும் கணக்கு அது. இரண்டு வாக்கியங்களுமே கேட்கத் தெம்பாக இருக்கின்றன. ஆனால் முதல் வாக்கியத்துக்குப் பொறியியலில் பொருளே இல்லை. இரண்டாவது வாக்கியம், பாதி விஷயத்தைத்தான் சொல்கிறது. உயிரைக் காக்கும் பாதி அதில் இல்லை.

ரிக்டர் எண்ணைப் பல்பின் வாட் எண்ணோடு ஒப்பிடலாம். பல்பு எவ்வளவு பெரியது என்று வாட் சொல்லும். உங்கள் புத்தகத்தின் மேல் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று சொல்லாது. அது பல்பு எவ்வளவு தள்ளி இருக்கிறது, நடுவில் என்ன மறைக்கிறது என்பதைப் பொறுத்தது. அதேபோல ரிக்டர் எண் நிலத்தடியில் வெளியான ஆற்றலின் அளவு. கட்டடத்துக்கு வேண்டியது, அது நிற்கும் இடத்தில் தரை எப்படி ஆடும் என்ற தகவல். 2011-இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சைச் சிதைத்த நிலநடுக்கத்தின் அளவு 6.2தான். ஆனால் அது நகரத்துக்கு மிக அருகில், ஆழம் குறைந்த இடத்தில் நிகழ்ந்தது.

இந்தக் கட்டுரை கம்பி போட்ட கான்கிரீட் சட்டகங்களைப் பற்றியது. சட்டகம் என்றால் தூண்களும் பீம்களும் சேர்ந்த எலும்புக்கூடு. அதை நிலநடுக்கத்துக்கு வடிவமைக்கும் முறைகள் எப்படி வேறுபடுகின்றன, ஒவ்வொன்றும் எதைப் பார்க்கிறது, எதைத் தவறவிடுகிறது என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

தரைதான் நகர்கிறது, கட்டடம் பின்தங்குகிறது

பேருந்தில் நின்றுகொண்டு போகிறீர்கள். ஓட்டுநர் திடீரென வண்டியை எடுக்கிறார். உங்களை யாரும் தள்ளவில்லை, ஆனாலும் பின்னால் சாய்கிறீர்கள். கால் பேருந்தோடு போய்விட்டது, உடல் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. நிலநடுக்கத்தில் கட்டடத்துக்கு நடப்பதும் இதுதான். அடித்தளம் தரையோடு நகர்கிறது. மேல்தளங்களின் எடை பின்தங்குகிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு வளைபவை தூண்கள்.

நிலநடுக்க விசை என்று நாம் சொல்வது வெளியிலிருந்து வந்து மோதும் விசை அல்ல. கட்டடத்தின் சொந்த எடையும் தரையின் முடுக்கமும் சேர்ந்து உண்டாக்குவது. முடுக்கம் என்றால் வேகம் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதன் அளவு. அதனால்தான் கனமான கட்டடத்துக்கு விசையும் அதிகம்.

அடுத்தது ஊஞ்சல். ஒவ்வொரு ஊஞ்சலுக்கும் ஒரு தாளம் உண்டு. அந்தத் தாளத்தில் தள்ளினால் வீச்சு ஏறிக்கொண்டே போகும். கட்டடத்துக்கும் அப்படி ஒன்று இருக்கிறது. ஒரு முறை அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் திரும்ப ஆகும் நேரத்தை அலைவுக் காலம் என்கிறோம். தளத்துக்கு ஏறத்தாழ 0.1 விநாடி என்பது சட்டகங்களுக்கான பழைய கைக்கணக்கு. 10 மாடி என்றால் சுமார் 1 விநாடி. 1985-இல் மெக்சிகோ நகரத்தில் நடந்தது இதற்குக் கொடுமையான சான்று. நிலநடுக்கத்தின் மையம் 350 கிலோமீட்டருக்கு அப்பால், பசிபிக் கரையோரம். ஆனால் நகரத்தின் ஒரு பகுதி பழைய ஏரிப்படுகையின் மென்களிமண்மீது இருக்கிறது. அந்த மண் ஏறத்தாழ 2 விநாடித் தாளத்தில் ஆடியது. அதோடு ஒத்துப்போன நடுத்தர உயரக் கட்டடங்கள்தான் அதிகம் விழுந்தன. குட்டைக் கட்டடங்கள் பல தப்பின.

இப்போது ஒரு பெரிய பலகையின்மேல் வெவ்வேறு அலைவுக் காலம் கொண்ட நூறு ஊசல்களை நிறுத்தி, பலகையை ஒரு நிலநடுக்கம் போல ஆட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஊசலும் எட்டிய உச்சத்தைக் குறித்து வரைந்தால் கிடைக்கும் கோட்டுக்கு எதிர்வினை ஸ்பெக்ட்ரம் என்று பெயர். எல்லா நாட்டு விதிநூல்களிலும் அடிப்படை இந்த வரைபடம்தான். உங்கள் கட்டடத்தின் அலைவுக் காலத்தைக் கொடுத்தால், அது எவ்வளவு முடுக்கத்தை உணரும் என்று சொல்லும்.

இதுவரை: நிலநடுக்க விசை எடையிலிருந்து பிறக்கிறது. எவ்வளவு என்பதை இடமும் மண்ணும் அலைவுக் காலமும் முடிவு செய்கின்றன. ரிக்டர் எண் நேரடியாக எங்கும் வரவில்லை.

முழு விசைக்கும் யாரும் கட்டுவதில்லை

பலருக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். 1,000 டன் எடையுள்ள கட்டடம் உடையாமல், வளைந்து நிலைக்காமல் பெரிய நிலநடுக்கத்தைத் தாண்ட வேண்டும் என்றால் 500 டன் பக்கவாட்டு விசையைத் தாங்க வேண்டும் என்று ஸ்பெக்ட்ரம் சொல்கிறது என வைத்துக்கொள்வோம். பொறியாளர் அதை 5 ஆல் வகுத்து 100 டன்னுக்கு வடிவமைப்பார். இது ஏமாற்று வேலை இல்லை, விதியே அப்படித்தான் சொல்கிறது. ஏன்?

ஒரு சாக்பீஸையும் ஒரு இரும்புக் கம்பியையும் எடுத்து வளையுங்கள். சாக்பீஸ் தன் எல்லையைத் தொட்டதும் பட்டென்று முறிந்துவிடும். கம்பியும் ஒரு கட்டத்தில் தோற்கும், ஆனால் முறியாது. வளைந்த நிலையில் நின்றுகொண்டு, அதே பலத்தோடு இன்னும் வளைந்துகொண்டே போகும். பலத்தை இழக்காமல் வளைந்துகொடுக்கும் இந்தத் திறனுக்கு நெகிழ்திறன் என்று பெயர். வெறும் கான்கிரீட் சாக்பீஸ் சாதி. அதற்குள் கம்பியைச் சரியான இடத்தில், சரியான நெருக்கத்தில் வைத்தால் இரண்டும் சேர்ந்து கம்பியைப் போல நடந்துகொள்ளும். "சரியான" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நிலநடுக்கம் காற்றைப் போலத் தொடர்ந்து ஒரே பக்கம் தள்ளுவதில்லை. நொடிக்கு நொடி திசை மாறும். கட்டடம் ஒரு பக்கம் வளையத் தொடங்கி விழுவதற்குள் ஆட்டம் திரும்பிவிடும். அதனால் வளைந்துகொடுக்கத் தெரிந்த சட்டகம், முழு விசையில் ஒரு பங்கை மட்டும் தாங்கும் பலத்தோடு தப்பிக்கலாம். 1960-இல் வெலெட்சோஸ், நியூமார்க் என்ற இரண்டு பொறியியல் ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டிய ஒரு விஷயம் இதற்குத் துணைநிற்கிறது. அலைவுக் காலம் மிகவும் குறையாத கட்டடம் என்றால், உடையாமல் முழுப் பலத்தோடு நின்றாலும் சரி, பாதியில் தோற்று வளைந்தாலும் சரி, அது போய்வரும் உச்ச அசைவு ஏறத்தாழ ஒன்றே. பலத்தைக் குறைத்தால் அசைவு பெரிதாக ஏறாது. ஆனால் அந்த அசைவில் பெரும்பகுதி சேதமாக மாறும்.

எவ்வளவு வகுக்கலாம் என்பதற்கான எண்ணைக் குறைப்புக் கெழு என்போம். நன்றாகக் கம்பி கட்டிய கான்கிரீட் சட்டகத்துக்கு அமெரிக்க விதியில் அது 8. இந்திய விதியில் 5. ஐரோப்பிய விதியில், உயர் நெகிழ்திறன் வகைக்கு, வழக்கமான பல மாடிச் சட்டகம் என்றால் 5.85. மற்றக் காரணிகளும் நாட்டுக்கு நாடு மாறுவதால் இவற்றை நேருக்கு நேர் வைத்துப் பார்க்க முடியாதுதான். ஆனாலும் ஒன்று புரிகிறது: இது இயற்கை கொடுத்த மாறிலி அல்ல. அனுபவமும் ஆராய்ச்சியும் நிபுணர் குழுக்களின் மதிப்பீடும் சேர்ந்து உருவான எண்.

இதுவரை: விதிப்படி கட்டிய கட்டடம் பெரிய நிலநடுக்கத்தில் சேதமடையும். சேதமடைய வேண்டும் என்றே வடிவமைக்கப்பட்டிருக்கிறது. விழக் கூடாது என்பதுதான் ஒப்பந்தம்.

கணக்கிடும் முறை வேறு, வடிவமைக்கும் முறை வேறு

பேச்சில் அதிகம் குழம்புவது இங்கேதான். வெப்பமானியால் காய்ச்சலை அளப்பது ஒன்று, என்ன மருந்து கொடுப்பது என்று முடிவெடுப்பது இன்னொன்று. "டைனமிக் அனாலிசிஸ்" வெப்பமானி வகை.

கணக்கிடும் கருவிகளில் எளியது நிலைச்சமான முறை. மொத்த விசையையும் ஒரே எண்ணாகக் கண்டுபிடித்து, தளம் தளமாகப் பிரித்து, கட்டடத்தைப் பக்கவாட்டில் மெல்லத் தள்ளுவது போலக் கணக்குப் போடுவது. அடுத்தது ஸ்பெக்ட்ரம் முறை. "டைனமிக்" என்று பெருமையாகச் சொல்லப்படுவது பெரும்பாலும் இதுதான். கட்டடம் ஒரே விதமாக ஆடுவதில்லை. மொத்தமாக ஒரு பக்கம் சாய்வது ஒரு விதம், நடுவில் ஒரு பக்கமும் உச்சியில் மறுபக்கமுமாகப் பாம்பு போல நெளிவது இன்னொரு விதம். ஒவ்வொன்றையும் தனியாகக் கணக்கிட்டுச் சேர்க்கிறது இந்த முறை. உயரமான, ஒழுங்கற்ற கட்டடங்களுக்கு இது நல்லது. ஆனால் இதிலும் கட்டடம் உடையாதது என்றே கருதி, கடைசியில் அதே குறைப்புக் கெழுவால்தான் வகுக்கிறோம். எங்கே உடையும், எப்படி உடையும் என்று இது ஒரு வார்த்தையும் சொல்லாது.

அதைச் சொல்பவை மற்ற இரண்டு. புஷ்ஓவர் என்பது கணினிக்குள் கட்டடத்தைப் படிப்படியாகத் தள்ளி, எந்தப் பீம் முதலில் தோற்கிறது, அடுத்து எது, எப்போது மொத்தமும் சரிகிறது என்று பார்ப்பது. நேரவரலாற்று முறை என்பது பதிவான உண்மையான நிலநடுக்க அதிர்வுகளை நொடி நொடியாக அந்தக் கணினிக் கட்டடத்துக்குக் கொடுத்து, உடைவையும் சேர்த்துக் கணக்கிடுவது. ஒரே ஒரு பதிவை வைத்து முடிவுக்கு வர முடியாது. அடுத்த நிலநடுக்கம் போன நிலநடுக்கம் மாதிரி இருக்கப்போவதில்லை. அதனால் அமெரிக்க விதி இதற்கு இப்போது குறைந்தது 11 பதிவுகள் கேட்கிறது.

சரி, கருவிகள் இவை. வடிவமைக்கும் முறை என்பது, எதை இலக்காக வைத்துத் தொடங்குகிறோம் என்பது.

விசையிலிருந்து தொடங்குதல்

1908 டிசம்பரில் இத்தாலியின் மெசினா நகரம் நிலநடுக்கத்தில் அழிந்தது. அதன்பின் அமைந்த குழு, கீழ்த்தளத்துக்கு அதற்கு மேலுள்ள எடையில் 12-இல் ஒரு பங்கு, மேல்தளங்களுக்கு 8-இல் ஒரு பங்கு பக்கவாட்டு விசையாக எடுத்துக்கொள்ளப் பரிந்துரைத்தது. ஜப்பானில் சானோ தோஷிகதா என்ற பொறியாளர் இதே போன்ற கருத்தை முன்வைத்தார். 1923-இல் கான்டோ நிலநடுக்கம் தோக்கியோவை நாசமாக்கிய மறு ஆண்டே, எடையில் 10-இல் ஒரு பங்கு என்பது அங்கே சட்டமானது. அலைவுக் காலமோ நெகிழ்திறனோ அப்போது கணக்கில் இல்லை. அந்தக் காலத்துத் தகவலை வைத்துப் பார்த்தால் இது பெரிய தாவல்.

இன்றும் உலகம் முழுவதும் நடைமுறையில் இருப்பது இதன் வாரிசுதான். அலைவுக் காலத்தை மதிப்பிடு. ஸ்பெக்ட்ரத்தில் முடுக்கத்தைப் படி. எடையால் பெருக்கு. குறைப்புக் கெழுவால் வகு. கிடைத்த விசைக்குத் தூணையும் பீமையும் அமை. கடைசியில் அசைவு எல்லைக்குள் இருக்கிறதா என்று சரிபார். அசைவு இங்கே கடைசி வரியில் வரும் சோதனை என்பதைக் கவனியுங்கள்.

இந்த அசைவை அளக்கத் தளச் சாய்வு என்ற அளவு பயன்படுகிறது. ஒரு தளத்தின் தரைக்கும் கூரைக்கும் இடையிலான பக்கவாட்டு நகர்வை அந்தத் தளத்தின் உயரத்தால் வகுத்தால் கிடைப்பது. 3 மீட்டர் தளம் 6 செ.மீ. நகர்ந்தால் சாய்வு 2 சதவீதம். தூண் எவ்வளவு வளைந்தது, சுவர் எவ்வளவு வெடித்தது எல்லாம் இந்த எண்ணோடுதான் நெருக்கமாகப் போகின்றன.

அந்தக் கணக்கில் எங்கே இடிக்கிறது

1990-களின் தொடக்கத்தில் நைஜல் பிரீஸ்ட்லி என்ற நியூசிலாந்துப் பொறியாளர் இந்த முறையின் வேரையே கேள்வி கேட்டார். அவர் வாதத்தின் மையத்தைச் சின்ன எண்களோடு பார்க்கலாம். கொஞ்சம் மெதுவாக வாருங்கள், முழுக் கட்டுரையின் சாரம் இங்கேதான் இருக்கிறது.

நம் 1,000 டன் கட்டடத்துக்கு 6 தளங்கள், 18 மீட்டர் உயரம். பழைய கைக்கணக்குப்படி அலைவுக் காலம் சுமார் 0.6 விநாடி வரும்; எண்கள் எளிதாக இருக்க 1 விநாடி என்று எடுத்துக்கொண்டோம். ஸ்பெக்ட்ரம் புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதியைக் காட்டியது, அதனால் 500 டன். 5 ஆல் வகுத்து 100 டன். அசைவையும் கணக்கிட்டால் சுமார் 12 செ.மீ. வரும். மொத்தக் கட்டடத்தையும் ஒரே எடையாகச் சுருக்கி, உயரத்தில் ஏறத்தாழ 70 சதவீதத்தில், அதாவது 12.6 மீட்டரில் வைத்துப் போடும் கணக்கு இது. 12 செ.மீ. என்றால் சாய்வு 1 சதவீதம். எல்லாம் நன்றாக இருக்கிறது.

இப்போது வேறு பக்கத்திலிருந்து வருவோம். கான்கிரீட் சட்டகம் எவ்வளவு சாய்ந்தால் அதன் கம்பி இழுபடத் தொடங்கும்? சோதனைகளிலிருந்து கிடைத்த எளிய விதி ஒன்று உண்டு. பீமின் நீளத்தை அதன் ஆழத்தால் வகுத்து, கம்பி இழுபடத் தொடங்கும் நீட்சியால் பெருக்கி, பாதியாக்க வேண்டும். பீம் 6 மீட்டர் நீளம், 60 செ.மீ. ஆழம். கம்பியின் நீட்சி 0.0025. விடை 1.25 சதவீதம். நம் கட்டடத்தில் அது 15.7 செ.மீ.

இந்தச் சூத்திரத்தில் பீமின் பலம் எங்கேயும் வரவில்லை. கம்பியை இரட்டிப்பாக்கினாலும் சட்டகம் தோற்கத் தொடங்கும் சாய்வு ஏறத்தாழ அதேதான். பலம் கூடும்போது விறைப்பும் கூடவே கூடுகிறது. விறைப்பு என்றால் ஒரு அளவு அசைக்க எவ்வளவு விசை தேவை என்பது. ஆனால் நாமோ விறைப்பை முதலிலேயே தெரிந்தது போல வைத்து, அதிலிருந்து அலைவுக் காலத்தை எடுத்து, அதிலிருந்து பலத்தை முடிவு செய்தோம். குதிரைக்கு முன்னால் வண்டியைக் கட்டிய கதை.

சரி, உண்மை விறைப்பு எவ்வளவு? 100 டன் பலமுள்ள சட்டகம் 15.7 செ.மீ. அசைவில்தான் தோற்கத் தொடங்குகிறது என்றால், அதன் அலைவுக் காலம் 1 விநாடி அல்ல, 2.5 விநாடி. ஸ்பெக்ட்ரம் அங்கே அலைவுக் காலத்துக்கு எதிர்விகிதத்தில் இறங்குகிறது என்று கொண்டால், உணரும் முடுக்கம் புவியீர்ப்பில் 5-இல் ஒரு பங்கு, விசை 200 டன். அதாவது 5 ஆல் வகுத்ததாக நினைத்தோம், உண்மையில் 2 ஆல்தான் வகுத்திருக்கிறோம். இது நல்ல செய்தி போலத் தெரியலாம். ஆனால் அசைவைப் பாருங்கள். 12 செ.மீ. என்று நம்பியது 31 செ.மீ. ஆகிவிட்டது. சாய்வு 1 அல்ல, 2.5 சதவீதம்.

இது சுருக்கிய கைக்கணக்கு என்பதை மறக்க வேண்டாம். உண்மைக் கட்டடத்தில் சுவர்கள் விறைப்பைக் கூட்டும்; பொருள்களின் பலமும் கணக்கில் எடுத்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். விதிநூல்களும் விரிசல் விட்ட கான்கிரீட்டுக்கு விறைப்பைக் குறைத்துக்கொள்ளச் சொல்கின்றன. அதனால் இவ்வளவு பெரிய பிளவு எப்போதும் வராது. ஆனால் பிழை எந்தப் பக்கம் இருக்கிறது என்பது தெளிவு. விசை முறை, விசையைப் பற்றி அதிகம் கவலைப்பட்டு, அசைவைக் குறைத்து மதிப்பிடும் பக்கம் சாய்கிறது. கட்டடத்தை உடைப்பதோ அசைவு.

அசைவிலிருந்து தொடங்குதல்

பிரீஸ்ட்லியும் அவரோடு கால்வி, கோவால்ஸ்கி ஆகியோரும் வளர்த்த நேரடி அசைவுவழி முறை வரிசையைத் தலைகீழாக்குகிறது. முதல் கேள்வியே, "இந்தக் கட்டடம் எவ்வளவு சாய அனுமதிக்கலாம்?" என்பதுதான்.

2 சதவீதம் என்று முடிவு செய்கிறோம் என்றால் நம் கட்டடத்துக்கு அது 25 செ.மீ. தோற்கத் தொடங்கும் அசைவு 15.7 செ.மீ. ஆகவே நெகிழ்திறன் 1.6 மடங்கு போதும். வளைந்துகொடுக்கும்போது கட்டடம் கொஞ்சம் ஆற்றலை விழுங்கும். கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் வளைந்த இடம் சூடாகுமே, அந்த ஆற்றல் மாதிரி. இதைத் தணிப்பு என்கிறோம். சேதமடையாத கட்டடத்துக்கு வழக்கமாக 5 சதவீதம் எடுத்துக்கொள்வார்கள், இந்த நிலையில் அது 11, 12 சதவீதத்துக்கு வரும். இனி ஸ்பெக்ட்ரத்தை அசைவு வடிவில் வரைந்து, 25 செ.மீ. அசைய எந்த அலைவுக் காலம் வேண்டும் என்று படிக்கிறோம். அதிலிருந்து விறைப்பு, அதிலிருந்து விசை. நம் எண்களுக்கு ஏறத்தாழ 125 டன் வருகிறது. தணிப்பை விட்டுவிட்டு, முன்பு சொன்ன வெலெட்சோஸ்–நியூமார்க் வழியில் போட்டால் 150 டன் அளவுக்கு வரும். எப்படியும் 100 டன் போதவில்லை.

எல்லாக் கட்டடத்துக்கும் இந்த முறை விசையைக் கூட்டிக் கொடுக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. அதிர்வு குறைந்த இடங்களில் விசை குறையவும் செய்யும். இதன் பலம், குறைப்புக் கெழு என்ற ஒட்டுமொத்த எண் தேவைப்படாததுதான். நெகிழ்திறன் எவ்வளவு வேண்டும் என்பது அந்தக் கட்டடத்தின் அளவுகளிலிருந்தே வருகிறது. பலவீனமும் உண்டு. அசையும் வடிவத்தை முன்கூட்டியே ஊகிக்க வேண்டும். ஒழுங்கற்ற கட்டடங்களில் அது கடினம். விதிநூல்களும் அன்றாட மென்பொருள்களும் இன்னும் பெரும்பாலும் விசை முறையைச் சுற்றியே இருக்கின்றன.

இதுவரை: விசைவழி முறை பலத்தை முடிவு செய்து அசைவைச் சரிபார்க்கிறது. அசைவுவழி முறை அசைவை முடிவு செய்து பலத்தைக் கண்டுபிடிக்கிறது. இரண்டாவது உண்மைக்கு நெருக்கம் என்பது என் கருத்து. முதலாவது எளிது, பழகியது, கவனத்தோடு கையாண்டால் நல்ல கட்டடங்களைத் தந்திருக்கிறது.

எந்த முறையாக இருந்தாலும்: எங்கே உடைய வேண்டும்?

மேலே சொன்ன இரண்டு முறைகளும் ஒரு விஷயத்தை நம்பி நிற்கின்றன: சட்டகம் கம்பியைப் போல வளையும், சாக்பீஸைப் போல முறியாது. அந்த நம்பிக்கைக்கு யார் பொறுப்பு?

வீட்டு மின்சுற்றில் ஃபியூஸ் இருக்கிறது. மின்சாரம் மிஞ்சினால் அது முதலில் போகும், மற்றதெல்லாம் பிழைக்கும். கட்டடத்திலும் நாமே சில இடங்களை ஃபியூஸாகத் தேர்ந்தெடுத்து, அவற்றை நன்றாக வளையும்படி கம்பி கட்டி, மற்ற எல்லாவற்றையும் அவற்றைவிடப் பலமாக்க வேண்டும். 1960-களின் இறுதியில் நியூசிலாந்தில் தொடங்கி, கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பார்க்கும் தாமஸ் பாவ்லேயும் 1970-களில் வளர்த்தெடுத்த யோசனை இது. திறன்வரிசை வடிவமைப்பு என்று சொல்லலாம். வளைந்துகொடுக்கும் அந்த இடங்களுக்குப் பிளாஸ்டிக் கீல் என்று பெயர். கதவின் கீல் போலச் சுழலும், ஆனால் தன் பலத்தை விடாது.

கீல் பீமின் நுனியில் வர வேண்டும், தூணில் வரக் கூடாது. பீம் சேதமானால் அந்தத் தளத்தின் ஒரு பகுதிக்குத்தான் கேடு. ஒரே தளத்தின் தூண்கள் எல்லாம் மேலும் கீழும் தோற்றுவிட்டால், மேலுள்ள அத்தனை மாடிகளும் அந்த ஒரு தளத்தின்மேல் உட்கார்ந்துவிடும். ஆறு தளங்கள் பங்குபோட வேண்டிய அசைவு முழுவதும் ஒரே தளத்துக்கு வந்துவிடுகிறது. இதனால்தான் ஒவ்வொரு சந்திப்பிலும் தூண்களின் மொத்த வளைவுப் பலம் பீம்களின் பலத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறார்கள்: அமெரிக்க விதியில் 1.2 மடங்கு, ஐரோப்பிய விதியில் 1.3, இந்திய விதியில் 1.4.

2001 புஜ் நிலநடுக்கத்தின்போது, மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த ஆமதாபாத்தில் அடுக்குமாடிகள் விழுந்தன. பலவற்றில் தரைத்தளம் வண்டி நிறுத்தத் திறந்து விடப்பட்டிருந்தது. மேலே எல்லாத் தளத்திலும் செங்கல் சுவர். மேல்தளங்கள் பெட்டி போல விறைத்து நின்றன, கீழே வெறும் தூண்கள். இத்தகைய தளத்தை மென்தளம் என்கிறோம். சுவரைக் கணக்கில் எடுக்காமல் வெறும் சட்டகத்தை மட்டும் கணினியில் ஏற்றினால், எவ்வளவு நுட்பமான அனாலிசிஸ் செய்தாலும் இது கண்ணில் படாது.

அப்புறம் கம்பி கட்டும் வேலை. முன்பு "சரியான" என்றேனே, அது இதுதான். தூணின் செங்குத்துக் கம்பிகளைச் சுற்றிப் போடும் ரிங்குகள் உள்ளே இருக்கும் கான்கிரீட்டைப் பிடித்து வைக்கின்றன. நீள்கம்பி வெளியே பிதுங்காமலும் தடுக்கின்றன. நெருக்கமாக இருக்க வேண்டும். அவற்றின் முனை 135 பாகை மடிந்து உள் கான்கிரீட்டுக்குள் புதைய வேண்டும். 90 பாகை மட்டும் மடித்துவிட்டால், மேலோடு உதிர்ந்ததும் ரிங் வாய் திறந்துவிடும்.

1971-இல் கலிபோர்னியாவின் சான் பெர்னாண்டோ நிலநடுக்கத்தில் புதிதாகத் திறக்கப்பட்டிருந்த ஆலிவ் வியூ மருத்துவமனை இதை ஒரே கட்டடத்துக்குள் காட்டியது. நெருக்கமான சுருள் கம்பி சுற்றிய தூண்கள் மேலோட்டை இழந்து, பயங்கரமாகச் சாய்ந்தும் மேல்தளங்களைத் தாங்கி நின்றன. இடைவெளி விட்டு ரிங் போட்ட மூலைத் தூண்கள் நொறுங்கின. கட்டடமும் ஒன்றே, நிலநடுக்கமும் ஒன்றே. தூணைச் சுற்றிய கம்பிதான் வேறு.

இதுவரை: விசையா அசைவா என்பது எவ்வளவு பலம் என்ற கேள்விக்கான பதில். திறன்வரிசை, அந்தப் பலம் எங்கே இருக்க வேண்டும் என்பதற்கான பதில். இதை விட்டுவிட்டு அதை மட்டும் ஒப்பிடுவதில் பயனில்லை.

விழாமல் நின்றால் போதுமா?

கிறைஸ்ட்சர்ச்சுக்குத் திரும்புவோம். இறந்த 185 பேரில் 115 பேர் ஒரே கான்கிரீட் கட்டடத்தில் இறந்தார்கள். அதன் வடிவமைப்பிலேயே குறைகள் இருந்தன என்று விசாரணை ஆணையம் பிறகு சொன்னது. நவீன விதிப்படி கட்டிய கட்டடங்கள் பெரும்பாலும் விழவில்லை. பீம்களில் கீல் வந்தது, மக்கள் வெளியே நடந்து வந்தார்கள். முறை சொன்னதைச் செய்தது. ஆனாலும் நகர மையத்தில் நூற்றுக்கணக்கான கட்டடங்களைப் பிறகு இடிக்க வேண்டியிருந்தது. பழுதுபார்க்க முடியாத அளவு சேதம், அல்லது பழுதுபார்ப்பதைவிட இடிப்பது மேல் என்ற நிலை. "நிலநடுக்கம் தாங்கும் கட்டடம்" என்றால் மறுநாள் உள்ளே போகலாம் என்று நம்பியிருந்த உரிமையாளர்களுக்கு அது பெரிய இடி.

இந்த இடைவெளியைப் பேசுவதுதான் செயல்திறன்வழி வடிவமைப்பு. 1994-இல் கலிபோர்னியாவின் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்துக்குப் பிறகு இது அமெரிக்காவில் வேகம் பிடித்தது. இது தனிக் கணக்கு முறை என்பதைவிட ஒரு உரையாடல் என்று சொல்லலாம். சிறிய, அடிக்கடி வரும் அதிர்வில் வேலை நிற்கக் கூடாது. 50 ஆண்டுகளில் வர 10 சதவீத வாய்ப்புள்ள அதிர்வில் உயிர்கள் காக்கப்பட வேண்டும். 2 சதவீத வாய்ப்புள்ள அரிய அதிர்வில் கட்டடம் சரியாமல் நின்றால் போதும். மருத்துவமனைக்கு இதையே ஒரு படி உயர்த்தலாம். ஒவ்வொரு நிலைக்கும் எவ்வளவு சாய்வு, எவ்வளவு சேதம் என்று உரிமையாளரோடு பேசி எழுதிவைத்துவிட்டு, புஷ்ஓவர் அல்லது நேரவரலாறு மூலம் சோதிக்கிறார்கள். அந்த 10 சதவீத அதிர்வைத்தான் "475 ஆண்டுக்கு ஒருமுறை" என்பார்கள். அது சராசரி மட்டுமே. நாளைக்கு வராது என்ற உத்தரவாதம் அதில் இல்லை.

புஷ்ஓவரின் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். ஒரே விதமாகத் தள்ளிப் பார்ப்பதால், உயரமான கட்டடம் பாம்பு போல நெளிவது அதில் சரியாகத் தெரியாது. நேரவரலாறு இதைப் பிடிக்கும். ஆனால் கொடுக்கும் தகவல் தவறு என்றால் வெளியே வரும் தவறும் அவ்வளவு நுட்பமாகவே இருக்கும்.

எந்தக் கட்டடத்துக்கு எது?

ஒழுங்கான, குறைந்த மாடிகள் கொண்ட சட்டகம் என்றால் விசைவழி முறையும் எளிய நிலைச்சமானக் கணக்கும் தாராளமாகப் போதும். மிச்சமாகும் உழைப்பைத் திறன்வரிசையிலும் கம்பி வரைபடத்திலும் செலவிடலாம். உயரம் கூடினாலோ வடிவம் கோணலானாலோ ஸ்பெக்ட்ரம் முறை கட்டாயம். அசைவுதான் கவலை என்றால் அசைவுவழிக் கணக்கை ஒரு முறையாவது பக்கத்தில் போட்டுப் பார்ப்பது நல்லது; நம் 6 மாடிக் கணக்கு போல அரைப்பக்கத்தில் முடிந்துவிடும். பழைய கட்டடத்தைச் சோதிக்க புஷ்ஓவர் நன்றாகப் பயன்படுகிறது. மிக உயரமானவை, நிலநடுக்கம் முடிந்த நிமிடத்திலேயே இயங்க வேண்டியவை ஆகியவற்றுக்கு நேரவரலாறு.

வீடு வாங்குபவராகவோ கட்டுபவராகவோ பொறியாளரிடம் கேட்க வேண்டியது ரிக்டர் எண் அல்ல. இந்த இடத்துக்கு எதிர்பார்க்கும் அதிர்வில் கட்டடம் எவ்வளவு சாயும் என்று கேளுங்கள். கீல்கள் எங்கே வரும்படி வடிவமைத்திருக்கிறீர்கள், தரைத்தளம் மற்றத் தளங்களைவிட மென்மையாக இருக்கிறதா, சுவர்களைக் கணக்கில் எடுத்தீர்களா என்று கேளுங்கள். பீமும் தூணும் சந்திக்கும் இடத்துக்குள் ரிங் போட்டிருக்கிறதா, அதன் முனை 135 பாகை மடிந்திருக்கிறதா என்பதை மட்டும் கேட்பதோடு நிற்காமல், கான்கிரீட் ஊற்றுவதற்கு முந்தைய நாள் போய் நேரில் பாருங்கள். கம்பி கட்டுபவர்களுக்கு மிகவும் சிரமமான இடம் அது. கை நுழையாது, அதனால் விட்டுப்போவதும் அங்கேதான். ஊற்றி முடித்த பிறகு அந்த ரிங்கைக் கண்ணால் பார்க்க வழியில்லை.